எழுத்து வாராமையும் வேறெழுத்து வருதலும்

பழைய கணிப்பொறி ஒன்றில் விசையை அழுத்தியும் திரையிலே எழுத்துத் தோன்றாவிடின், "பலகை போயிற்று" என்பர். அழுத்திய எழுத்து நிற்க வேறோர் எழுத்துத் தோன்றினும், "பலகை போயிற்று" என்றே கூறுவர். இவ்விரண்டும் ஒரே நோயல்ல. முன்னது ஒரு செய்தி வந்து சேராமை; பின்னது வந்து சேர்ந்த செய்தி பிறிதொன்றாகக் கொள்ளப்படுதல். தலைவலிக்கும் கால்வலிக்கும் ஒரே பற்றிடும் மருத்துவனைக் கண்டால் நாம் நகையாடுவோம். ஆயின் கணிப்பொறியின் திறத்தில் நாமே அம்மருத்துவனாக நின்று, நன்னிலையிலுள்ள பொறிகளைப் பழைய இரும்பு வாங்குவோர் தராசில் ஏற்றி வருகின்றோம். இவ்வேறுபாடு ஒன்றை மாத்திரம் ஒரு மாணவன் உறுதியாய்ப் பற்றிக்கொள்வானாயின், பழம்பொறிகளின் விசைப்பலகைக் குற்றங்களிற் பெரும்பாலானவற்றை அவனே தீர்க்கலாம். தீர்க்கவியலாதவற்றையும் இன்ன இடத்துக் குற்றமென்று சுட்டலாம் என்பது எனது துணிபு.

தமிழ் பயில்வானுக்குப் பொறியின் பழுதைப்பற்றிய பேச்சு எற்றுக்கு என்று விஞ்ஞான வகுப்பு நண்பர் சிலர் வினவக்கூடும். எழுத்து எங்கே பிறக்கின்றது, எவ்வுறுப்பின் முயற்சியாற் பிறக்கின்றது என்று ஆராய்வதற்கென்றே தொல்காப்பியனார் எழுத்ததிகாரத்துள் பிறப்பியல் என ஓரியலை வகுத்தார். இன்று நம் எழுத்துக்களிற் பெரும்பகுதி நாவிலும் இதழிலும் பிறப்பதில்லை. விரல் நுனியிலும் விசையடியிலும் பிறக்கின்றது. அப்பிறப்பிடத்தை ஆராய்தல் எமக்குப் புறம்பான தொழிலன்று. அன்றியும், தமிழெழுத்தைப் பொறுத்தமட்டில் இந்நோய் இருமடங்காயிருத்தலைப் பின்னர்க் காட்டுவேன்.

விசையை அழுத்துகின்றோம், எழுத்துத் தோன்றுகின்றது. இவ்விரண்டிற்கும் இடையே நிகழ்வன யாவை? ஐ.பி.எம். நிறுவனத்தார் 1981-ஆம் ஆண்டு வெளியிட்ட தனியாள் கணிப்பொறியை எடுத்துக்கொள்வோம். பின்வந்த பொறிகளுட் பெரும்பாலன அதன் வழித்தோன்றல்களே. அதன் பலகையில் விசைகள் 83. விசைகளின் கீழே கிடையாகவும் நெடுக்காகவும் மின்வழிகள் வலைபோற் பின்னிக் கிடக்கின்றன. விசை ஒவ்வொன்றும் அவ்வலையின் ஒரு கண்ணிமேல் அமர்ந்திருக்கின்றது. பலகையினுள்ளே இருக்கும் சிறு சில்லு அக்கண்ணிகளை இடையறாது சுற்றிப் பார்த்துக்கொண்டே யிருக்கும். அழுத்தப்பட்ட கண்ணிக்கு உரிய எண்ணைக் கம்பிவழியே பெட்டிக்கு அனுப்பும். ஆங்கில 'எச்' பொறித்த விசையை அழுத்தினால் 35 என்னும் எண் செல்லும். விரலை எடுத்தால் அதனோடு 128-ஐக் கூட்டி 163 என்னும் எண் செல்லும். அவ்வளவே அதன் தொழில். பலகைக்கு 'எச்' என்பதும் தெரியாது, 'க' என்பதும் தெரியாது. விசையின் தலையிற் பொறித்த எழுத்து நம் கண்ணுக்காக இட்ட அடையாளமேயன்றிப் பொறிக்காக இட்டதன்று. விசைத்தலைகளைக் கழற்றி இடம் மாற்றிப் பொருத்தினாலும் பொறி அதனைச் சிறிதும் அறியாது. 1984-இல் வந்த ஏ.டி. வகைப் பொறியிற் பலகை அனுப்பும் எண்கள் மாறினும், பெட்டியினுள்ளிருந்த மற்றொரு சில்லு அவற்றைப் பழைய எண்களாக மொழிபெயர்த்தே உள்ளே விடுத்தது.

எண் பெட்டியினுள் வந்த பின்னரே அஃது எழுத்தாகின்றது. இயங்குதளம் என்னும் மென்பொருள், தன்னிடமுள்ள விசை அமைப்பு அட்டவணையைப் பார்த்து, 35 என்றால் இன்ன எழுத்து என்று முடிவு செய்கின்றது. அதன்பின் எழுத்துரு என்பது அவ்வெழுத்துக்கு வடிவு கொடுத்துத் திரையில் நிறுத்துகின்றது. ஆகவே ஓர் எழுத்தின் பிறப்புக்கு மூவர் வேண்டும்: எண்ணை அனுப்புவோன், எண்ணை எழுத்தாக்குவோன், எழுத்துக்கு உரு எழுதுவோன். முதல்வன் வாய் மூடினால் எழுத்து வாராது. மற்றை இருவர் பிழைபட்டால் வேறெழுத்து வரும். எழுத்தே வாராவிடத்துக் குற்றத்தை விரலுக்கும் பெட்டிக்கும் நடுவே தேடுக. வேறெழுத்து வருமிடத்துப் பலகையைத் தொடாது பெட்டிக்குள்ளே தேடுக. புறனடைகள் சில உள. அவற்றை வருமிடத்துக் கூறுவேன்.

முதலில் எழுத்து வாராமையை ஆராய்வாம்.

பொறியை ஏற்றும்போதே பலகையின் வலப்பக்கத்து மேலிருக்கும் மூன்று சிறு விளக்குகளைக் காண்க. ஏ.டி. வகையிலும் அதன் பின் வந்தவற்றிலும், மின்சாரம் வந்தவுடன் பலகை தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். அப்போது அம்மூன்றும் ஒருமுறை மின்னி அடங்கும். மின்னவில்லையெனின் பலகைக்கு மின்சாரமே செல்லவில்லை. விசைகளைப் பெயர்த்துத் தூசி தட்டுவதாற் பயனில்லை. கம்பியையும் அது நுழையும் வாயையும் பார்க்கவேண்டும். இவ்வளவு எளிய சோதனை இருக்கவும், விளக்கை நோக்காது விசையைக் குத்திக்கொண்டிருப்போரே மிகப் பலர்.

அவ்வாயைப்பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். இதிலே வஞ்சனை மிகுதி. 1981-ஆம் ஆண்டுப் பொறிக்கும், 1983-இல் வந்த எக்ஸ்.டி. பொறிக்கும், 1984-இல் வந்த ஏ.டி. பொறிக்கும் பலகைக்கம்பியின் முனை ஒரே வடிவினது. ஐந்து ஊசிகளையுடைய வட்டமுனை. ஆதலின் ஒன்றன் பலகை மற்றொன்றன் வாயிற் செவ்வனே பொருந்தும். பொருந்துமேயன்றி வேலை செய்யாது. என்னை? எக்ஸ்.டி. பலகை பேசும் முறை வேறு, ஏ.டி. பொறி கேட்கும் முறை வேறு. அக்காலத்துப் பலகைகள் சிலவற்றின் அடிப்புறத்தே 'எக்ஸ்' என்றும் 'ஏ' என்றும் குறித்த ஒரு சிறு மாற்றுக்குமிழ் இருக்கும். அதனைத் தள்ளினால் இருவகைப் பொறிக்கும் பலகை இணங்கும். துடைக்கும்போது அக்குமிழ் தற்செயலாய் நகர்ந்துவிடின், நேற்று வேலைசெய்த பலகை இன்று ஊமையாகிவிடும். 1987-இல் ஐ.பி.எம். நிறுவனத்தார் பி.எஸ். 2 என்னும் வரிசையைக் கொணர்ந்தபோது முனையைச் சிறிதாக்கி ஆறு ஊசிகள் வைத்தனர். ஆயினும் பேசும் முறை ஏ.டி. முறையே. ஆதலின் ஏ.டி. பலகையைச் சிறுவாய்ப் பொறியிலும், சிறுமுனைப் பலகையை ஏ.டி. பொறியிலும் இணைக்க வெறும் முனைமாற்றி ஒன்று போதும். எக்ஸ்.டி. பொறிக்கோ, எண்களையே பெயர்த்துக் கொடுக்கும் சில்லுடைய மாற்றி வேண்டும்.

பி.எஸ். 2 வாய்கள் இரண்டு அருகருகே இருக்கும். ஒன்று பலகைக்கு, மற்றொன்று சுட்டெலிக்கு. வடிவில் இரண்டும் ஒன்றே. 1990-களின் இறுதியிலே பலகைக்கு ஊதாநிறமும் சுட்டெலிக்குப் பச்சைநிறமும் என வகுத்தனர். அதற்கு முந்திய பொறிகளில் நிறமில்லை. சிறு படமொன்று இருந்தாலுண்டு. மாற்றிச் செருகினால் இரண்டும் ஊமை. அதைக் கண்டு பதறி, பொறி ஓடிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கி மாற்றலாகாது. யு.எஸ்.பி. முனையைப்போல ஓட்டத்திலே கழற்றிச் செருகுவதற்கென அமைந்ததன்று இது. அவ்வாறு செய்தால் தாய்ப்பலகையிலுள்ள சிறு உருகி எரிந்துபோதல் கூடும். எரிந்துவிட்டால் எத்தனை புதிய பலகைகளைக் கொணர்ந்தாலும் ஒன்றும் பேசாது. பொறியை முற்ற அணைத்து, மாற்றி, மீண்டும் ஏற்றுக.

இனி, பெட்டியின் முகப்பையும் நோக்குக. ஏ.டி. பொறியின் முன்புறத்தே உண்மையான பூட்டு ஒன்று உண்டு; சாவியைத் திருப்பினால் விசைப்பலகை அடைபட்டுவிடும். அதனைப் பார்த்துச் செய்த பிற நிறுவனத்தாரின் பெட்டிகளிலும் இப்பூட்டு நெடுங்காலம் இருந்தது. சாவி தொலைந்து பூட்டு அடைபட்ட நிலையில் நின்றுபோன பொறி, பலகை கெட்ட பொறியைப் போலவே தோற்றமளிக்கும். ஐ.பி.எம். பொறியாயின் தொடக்கத்தில் 302 என்னும் எண்ணைக் காட்டி, பூட்டியிருக்கின்றது என்று தானே கூறும். 301 என்று காட்டினாற் பலகையிலேதான் குற்றம். ஏதேனும் ஒரு விசை அழுந்தியபடியே நின்றுவிட்டதெனினும் இவ்வெண்ணே வரும். வேறு பொறிகள் எண்ணுக்கு மாறாக ஒரு வாக்கியத்தை எழுதும்: பலகையைக் காணோம், தொடர எஃப் 1 விசையை அழுத்துக என்று. இல்லாத பலகையில் எந்த எஃப் 1-ஐ அழுத்துவது என்று உலகெங்கும் நகைத்திருக்கின்றனர். நகைப்பு நிற்க, அவ்வாக்கியம் ஒரு நற்செய்தியும் ஆகும். பொறியின் மற்றை உறுப்புக்களெல்லாம் நலமாயிருந்தாலன்றி அது திரையில் வந்து பேசாது.

யு.எஸ்.பி. பலகையைப் பழம்பொறியில் இணைப்போர்க்கு வேறொரு தொல்லை. விண்டோஸ் தோன்றிய பின் நன்றாய் வேலைசெய்யும் பலகை, அதற்கு முன் தோன்றும் அமைப்புத் திரையிலும் டாஸ் என்னும் பழைய இயங்குதளத்திலும் செயலற்றுக் கிடக்கும். அப்பழைய தளத்துக்கு யு.எஸ்.பி. என்பதொன்று உண்டென்பதே தெரியாது. தாய்ப்பலகையிலுள்ள அடிப்படை மென்பொருள் இடைநின்று உதவவேண்டும். அவ்வுதவியை அமைப்புத் திரையில் 'இயங்குக' என்று குறித்து வைத்திருக்கவேண்டும். ஆயின் தாய்ப்பலகையிலுள்ள காசளவு மின்கலம் வற்றிவிட்டால், குறித்து வைத்தவை யாவும் அழிந்து முதனிலைக்குத் திரும்பும். சில பொறிகளின் முதனிலையில் அவ்வுதவி அணைந்திருக்கும். அதனை ஏற்ற அமைப்புத் திரைக்குச் செல்லவேண்டும், செல்லப் பலகை வேண்டும், பலகையோ ஊமை. இச்சுழலிலிருந்து மீளும் வழி ஒரு பழைய பி.எஸ். 2 பலகையே. கடைகளிற் கிடைக்கும் சிறிய பச்சை அல்லது ஊதா முனைமாற்றியை எந்த யு.எஸ்.பி. பலகைக்கும் மாட்டினாற் போதுமென்று எண்ணுதலும் தவறு. இருவகைப் பேச்சும் அறிந்து பிறந்த பலகைக்கே அது பயன்படும்.

விளக்குகள் மின்னுகின்றன, வாயும் முனையும் சரியே, ஆயினும் சில விசைகள் மாத்திரம் பேசவில்லை எனின், அப்போதுதான் விசைகளின்மேற் கை வைக்கவேண்டும். அதற்குமுன் ஒரு தாளை எடுத்துப் பேசாத விசைகளை எழுதுக. ஒன்றே ஒன்றாயின் அதன் கீழே தூசியோ சோற்றுப்பருக்கையோ இருக்கும். பலவாய், பலகையில் ஒன்றுக்கொன்று தொலைவில் சிதறிக்கிடப்பினும் ஒருங்கே மடிந்தனவாயின், அவை முற்கூறிய வலையில் ஒரே வழியைச் சார்ந்தவை. அவ்வழி எங்கோ அறுந்திருக்கின்றது. மலிவான பலகைகளில் மூன்று மென்படலங்கள் ஒன்றன்மேலொன்றாய்க் கிடக்கும். மேலதிலும் கீழதிலும் மின்வழிகள் தீட்டப்பட்டிருக்கும். நடுவிலுள்ளது துளைகளையுடைய இடைத்தகடு. காப்பியோ தேநீரோ சிந்தினால் அத்தீட்டு அரிக்கப்பட்டு வழி அறும். இதுவே நான் முன்னர்க் கூறிய புறனடைகளுள் முதன்மையானதும் ஆகும்: நீர் கோத்த பலகையில் இரண்டு வழிகள் ஒட்டிக்கொண்டால், ஒரு விசைக்கு இரண்டு மூன்று எழுத்துக்கள் ஒருங்கே வரும். அது பெட்டிக்குள்ளே தேடவேண்டிய குற்றமன்று, பலகையின் குற்றமே.

துப்புரவு செய்யும் முறை அரிதன்று. பொறியை அணைத்துக் கம்பியைக் கழற்றுக. பலகையைக் கவிழ்த்து மெல்லத் தட்டுக. விசைத்தலைகளைக் கழற்றுமுன் பலகையை ஒரு படம் பிடித்துக்கொள்க. பின்னர் எது எங்கே என்று மயங்கவேண்டா. தலைகளை வெதுவெதுப்பான சவர்க்கார நீரிற் கழுவி நன்கு உலர்த்தலாம். மின்வழிகளைத் துடைக்க நீர் ஆகாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்ந்த பஞ்சே ஏற்றது. 1980-களின் பலகைகளுட் சிலவற்றில் விசையடியில் நுரைப்பஞ்சும் அதன்மேல் ஒட்டிய உலோக மென்றகடும் உண்டு. 1983-இல் விற்பனைக்கு வந்த காம்பாக் தூக்குப்பொறி அவ்வகையது. அந்நுரைப்பஞ்சு ஆண்டுகள் செல்லச்செல்லத் தானே பொடிந்துவிடும். ஒருவரும் தொடாமல் வைத்திருப்பினும் விசைகள் ஒருங்கே மடியும். இது கவனக்குறைவால் நேர்வதன்று, முதுமை. அப்பஞ்சு வில்லைகளை மாற்றிப் புதுக்குவோர் இன்றும் உளர்.

எழுத்து வாராமையில் மென்பொருள் செய்யும் வஞ்சனை ஒன்றைச் சொல்லி அடுத்ததற்குச் செல்வேன். விண்டோஸ் 95 முதலாக, கைந்நடுக்கமுடையார்க்கு உதவும்பொருட்டு, குறுகிய அழுத்தங்களைப் பொருட்படுத்தாது விடும் வசதியொன்று உண்டு. வலப்புற ஷிப்ட் விசையை எட்டு வினாடி அழுத்திப் பிடித்தால் அது எழும். நாம் ஏதோ சிந்தனையில் விரலை அதன்மேல் வைத்தபடியே யிருப்போம். திரையில் ஓர் அறிவிப்பு வரும். படியாமலே 'ஆம்' என்போம். அதன்பின் விரைந்து தட்டுவோனுக்குப் பலகை செத்தது போலவே தோன்றும். விசையை நெடிது அழுத்தினாலோ எழுத்து வரும். நெடிது அழுத்திப் பார்க்கும் பொறுமை யாருக்குண்டு?

இவ்விரு நோய்க்கும் இடையே நிற்பது ஒன்றும் உண்டு. விரலை எடுத்தும் 163 போன்ற அவ்விடுப்பு எண் வழியில் தவறிவிட்டால், விசை அழுந்தியே இருப்பதாகப் பொறி கருதும். ஷிப்ட், கண்ட்ரோல், ஆல்ட் ஆகியவற்றுள் ஒன்றுக்கு அவ்வாறு நேர்ந்தால், எழுத வேண்டிய இடத்தில் பொறி கட்டளைகளை நிறைவேற்றத் தொடங்கும்; கோப்புக்கள் மூடும், புதிய சாளரங்கள் திறக்கும். பேய் பிடித்ததென்றே சிலர் சொல்லக் கேட்டிருக்கின்றேன். அவ்விசைகளை இருபுறத்தும் ஒவ்வொன்றாய் அழுத்தி விட்டால் பேய் ஓடிவிடும்.

இனி வேறெழுத்து வருதல். மடிக்கணினிகளில் எண்களுக்கெனத் தனிப்புறம் இல்லாமையால், எழுத்து விசைகளுட் சிலவற்றுக்கே எண்களையும் இணைத்து வைத்தனர். 'நம்லாக்' என்னும் விசை எழுந்திருப்பின் யு, ஐ, ஓ என்பன 4, 5, 6 ஆகும், ஜே, கே, எல் என்பன 1, 2, 3 ஆகும், எம் சுழியாகும். இடக்கை எழுத்துக்கள் சரியாய் வர, வலக்கை எழுத்துக்கள் மாத்திரம் எண்களாய் வருமாயின் வேறு காரணம் தேடவேண்டா. அவ்வாறே ஷிப்டுடன் 2-ஐ அழுத்த மின்னஞ்சற் குறி வாராது இரட்டை மேற்கோட்குறி வருமாயின், அமெரிக்க அமைப்பு இருக்கவேண்டிய இடத்தில் பிரித்தானிய அமைப்பு அமர்ந்திருக்கின்றது. இடப்புற ஆல்ட்டையும் ஷிப்டையும் ஒருங்கே தவறுதலாய் அழுத்தினாலே ஓர் அமைப்பிலிருந்து மற்றோர் அமைப்புக்குப் பொறி தாவிவிடக் கூடும். இவற்றுள் எதற்கும் புதிய பலகை மருந்தன்று. புதியதிலும் அதே குறிதான் வரும்.

ஐயம் நீங்க ஒரு சோதனை உண்டு. விண்டோஸ் 2000 முதலாகத் திரையிலேயே ஒரு பலகையின் உருவைத் தோற்றுவித்து, சுட்டெலியால் அதன் விசைகளை அழுத்தலாம். அதிலும் வேறெழுத்தே வருமாயின் கைப்பலகைமேற் பழியில்லை. மறுதலையாக, இயங்குதளம் வருமுன் தோன்றும் அமைப்புத் திரையில் அம்புக்குறி விசைகள் செவ்வனே நகர்த்துமாயின், கம்பியும் வாயும் சில்லும் நலமென்று கொள்க. இவ்விரு சோதனையும் ஐந்து நிமிடத்துக்கு மேற்படா.

தமிழுக்கு வருவோம். இங்கேதான் நோய் இருமடங்கு என்றேன். மேற்கூறிய 'எச்' விசையையே மீண்டும் எடுத்துக்கொள்க. அது அனுப்புவது எப்போதும் அந்த 35-தான். 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு ஏற்ற தமிழ் 99 அமைப்பில் அது 'க'. இந்திய மொழிகளுக்குப் பொதுவாய் வகுத்த இன்ஸ்கிரிப்ட் அமைப்பில் அது 'ப'. பாமினி எழுத்துருவில் அது நெடிலுக்கு இடும் கால். ஒரு விசை, ஓர் எண், மூன்று எழுத்துக்கள். தமிழ் 99-இல் ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முதலதற்குப் புள்ளி தானே அமையும். பழக்கமில்லாதவன் அதனைக் கண்டு, அழுத்தாத புள்ளி வருகின்றதே, பலகையிற் பழுது என்பான். தட்டச்சுப் பொறியிற் பழகிய கை 'கொ' என்று எழுத முதலிற் கொம்பைத் தேடும். தமிழ் 99-இலோ ககரத்தை அழுத்திப் பின்னர் ஒகரத்தை அழுத்தவேண்டும். முப்பதாண்டு தட்டச்சுப் பழகிய ஒருவர் புதிய அமைப்பின் முன் அமர்ந்து தம் விரலையே ஐயுறும் காட்சி இரங்கத்தக்கது. அவர் விரலிலும் பிழையில்லை, பலகையிலும் பிழையில்லை.

எழுத்துருவின் குற்றம் இதனினும் கொடிது. தமிழுக்கு யூனிகோடில் 1991-இலேயே இடம் வகுக்கப்பட்டது. ஆயினும் விண்டோஸ் வரிசையில் அதனை ஏற்றுத் தமிழை முறையாய்க் காட்டிய முதல் தளம் விண்டோஸ் 2000. அதுவரையிலும், அதன்பின் பல்லாண்டும், நம்மவர் எழுதியவை ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவை வரைந்து வைத்த எழுத்துருக்களிலேயே. பாமினியில் 'தமிழ்' என்று எழுதிய கோப்பில் உண்மையிற் பதிந்திருப்பன ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமே. பாமினி இருக்கும் பொறியில் அவை 'தமிழ்' என்று நிற்கும். இல்லாத பொறியில் ஜே கே பி ஓ என்று உளறும். அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்போர் அறையறையாய்ப் பிரித்த பெட்டியிலிருந்து அச்செழுத்தை எடுப்பது போன்றது இது. அறையின் இடம் ஒன்றே. அதில் எவ்வெழுத்தைப் போட்டு வைத்தார்களோ அதுதான் கையில் வரும்.

இதனால் விளைந்த இழப்பொன்றை யான் நேரிற் கண்டேன். ஒரு சிறு நூலகத்தில், தம்மிடமிருந்த பழம்பதிப்புக்களின் அட்டவணையைப் பல்லாண்டு முயன்று ஒருவர் பழைய பொறியில் தட்டி வைத்திருந்தார். அவர் ஓய்வு பெற்றபின் பொறியிற் பலகை வேலை செய்யவில்லை என்று ஓரத்தில் ஒதுக்கினர். கோப்புக்களை மாத்திரம் ஒரு புதிய பொறிக்குப் பெயர்த்துத் திறந்தனர். பொருளற்ற ஆங்கில எழுத்துக்கள் வரிவரியாய்த் தோன்றின. 'கெட்டுப்போன கோப்பு' என்று அழித்துவிட்டனர். பழைய பொறியை எடைக்குப் போட்டனர். விடுமுறையில் அங்கே சென்றபோது, அழிக்குமுன் ஒருவர் அச்சிட்டுப் பார்த்த தாள் ஒன்று மாத்திரம் மேசை இழுப்பறையிற் கிடந்தது. ஜே கே பி ஓ அரைப்புள்ளி என்று அதில் ஒரு வரி தொடங்குவதைக் கண்டு, ஓர் எழுதுகோலை எடுத்து அடியில் எழுதிப் பார்த்தேன். நூற்பெயர்களும் பதிப்பாண்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. ஒரு பக்கமே மீண்டது. அப்பொறியில் நேர்ந்தது எழுத்து வாராமை. கோப்பில் நேர்ந்தது வேறெழுத்து வருதல். இரண்டையும் 'கெட்டது' என்னும் ஒரே சொல்லால் மூடியமையே அட்டவணையை அழித்தது. இத்தகைய கோப்புக்களை யூனிகோடாக்கும் மாற்றிகள் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. எந்த எழுத்துருவில் எழுதப்பட்டதென்று அறிந்தால் வேலை சில நொடிகளே.

புதிய பலகை சில நூறு ரூபாய்தானே, இத்துணை ஆராய்ச்சி எற்றுக்கு என்று கேட்பார்க்கு யான் மாறுசொல்லேன். விசை மடிந்ததென்று தெளிந்தபின் தாராளமாய் வாங்குக. தெளியுமுன் வாங்குவதே வீண். அதனினும் பெரிய தீங்கு, புதிய பலகையும் பயன்படவில்லை என்று கண்டு, குற்றம் பெட்டியினுடையது என்று பெட்டியையே எறிதல். பெட்டியோடு வன்தட்டும் போகும். வன்தட்டோடு அதிலுள்ள எழுத்தும் போகும். பழம்பொறிமேற் காதல் கொண்டு யான் பேசவில்லை. அவற்றுட் பல மெதுவானவை, மின்சாரத்தை விழுங்குபவை, இணையத்தில் இணைக்கத் தகாதவை. அவற்றிலுள்ளதை எடுத்துக்கொண்டபின் அவை போகட்டும்.

நம் கல்லூரியின் துறைகளில், மேசைகளின் கீழும் பரண்களின் மேலும், உறையிட்ட பழம்பொறிகள் சில இருத்தலை யாவரும் அறிவோம். பழைய மாணவர் தட்டிய ஆய்வேடுகளும், துறை மலர்களின் மூலப்படிகளும், வகுப்புக் குறிப்புக்களும் அவற்றுள் இருக்கக்கூடும். ஆசிரியப் பெருமக்களுக்கு யான் விடுக்கும் வேண்டுகோள் சிறியதே. பி.எஸ். 2 பலகை ஒன்றும், பெரிய ஐந்தூசி வாய்க்கும் சிறிய முனைக்கும் இடையே இடும் மாற்றி ஒன்றும், காசளவு மின்கலங்கள் சிலவும் வாங்கித் தமிழ்த்துறை அலமாரியில் வைத்தல் வேண்டும். பழம்பொறி எதனையும் அதன் கோப்புக்களைப் படியெடுத்துத் திறந்து படித்த பின்னரன்றி வெளியே விடலாகாது. பழைய மாணவருள் அக்காலத்து அப்பொறிகளிற் பணியாற்றியோர் இம்மலரைப் படிப்பாராயின், தாம் எவ்வெழுத்துருவில், எவ்விசையமைப்பில் எழுதினர் என்பதை ஓர் அஞ்சலட்டையில் எழுதித் துறைக்கு அனுப்புதல் பேருதவி. அவ்வட்டைகளை அந்தந்தப் பொறியின் மேலேயே ஒட்டி வைக்க மாணவர் நால்வர் முன்வந்துள்ளோம். வெள்ளிக்கிழமை மாலைகளில் வகுப்பு முடிந்தபின், பரணிலுள்ளவற்றை ஒவ்வொன்றாய் இறக்கி, முதலில் விளக்குகள் மின்னுகின்றனவா என்று பார்க்கத் தொடங்குவோம்.